தொட்டுச் சாத்தும் கை

நாராயணபெருமாளுக்கு அரிப்பு தொடங்கியது வெளியே சொல்ல முடியாத இடத்தில். கையிலோ காலிலோ வந்திருந்தால் மனுஷன் நாலு பேரிடம் காட்டியிருப்பார், நாலு பேரும் நாற்பது வைத்தியம் சொல்லியிருப்பார்கள், அதில் ஒருவராவது ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருப்பார். தொடையிடுக்கில் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் தாங்கலில் பணிவிடை செய்கிற ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கொட்டாரத்துக்கு மேற்கே, வயலை ஒட்டிய சின்ன ஊர். அய்யாவழிக் குடும்பங்கள் நூறு இருக்கும். ஊர் நடுவில் அவர்கள் கும்பிடுகிற அய்யாவின் நிழல்தாங்கல், கோயில் மாதிரி. பத்தொன்பது வருஷமாக அங்கே காலை, உச்சி, அந்தி மூன்று வேளையும் பணிவிடை நாராயணபெருமாள்தான். மூன்று வேளைக்கும் குளியல் உண்டு. குளித்த உடம்பு காயுமுன் வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடுவார். ஈரத்தோடு நின்றால்தான் சுத்தம் என்று அவராகவே ஒன்றை நினைத்து வைத்திருந்தார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த ஈரத்தில்தான் படர்தாமரை வந்து சுகமாகக் குடியேறியது.

அரிப்பு பொறுக்க முடியாமல் போன ஒரு நாள், சந்திப்பில் இருக்கிற ஞானசிங்கின் மெடிக்கலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தார். பாதி வாயிலேயே சொன்னார். ஞானசிங்குக்கு அதுவே போதும்.

"அண்ணாச்சி, இதுக்குப் போய் முழிக்கியளே! இந்தா, இந்த டியூபை ரெண்டு நேரம் தேயுங்க. மூணே நாளு. போகலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

ஞானசிங் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எது சட்டென்று கேட்குமோ அதைக் கொடுப்பான், வாங்கினவர்கள் அவனை வாழ்த்துவார்கள், அவனும் மனம் குளிர்ந்துபோவான். அந்த டியூபில் நாலைந்து மருந்தைக் கலந்து அடைத்திருந்தார்கள். சொன்னபடி மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது, சிவப்பும் போய்விட்டது. நாராயணபெருமாள் டியூபை மூடிக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

இருபது நாள் கழித்து அது திரும்பி வந்தது. இந்தத் தடவை இடுப்புவரைக்கும். மறுபடியும் டியூப், மறுபடியும் மூன்று நாள், மறுபடியும் சுகம். இப்படியே எட்டு மாதம் ஓடியது. வரும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடித்துக்கொண்டு வந்தது. கடைசியில் வலது கையின் விரலிடுக்கில் ஒரு சிவப்பு வளையம் தலைகாட்டியபோதுதான் அவர் ஆஸ்பத்திரியை நினைத்தார்.

ஏனென்றால் அது ஊருக்கு வேண்டிய கை. ஒரு காலத்தில் எட்டி நில் என்று விரட்டப்பட்ட சனங்களின் நெற்றியை அய்யா தொட்டார், தொட்டு நாமம் சாத்தினார் என்பதுதான் இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதனால் தாங்கலில் நாமத்தை எட்டி நின்று கொடுக்கிற பேச்சே கிடையாது. வெள்ளை மண்ணைக் குழைத்து, வருகிறவன் யாராக இருந்தாலும் அவன் நெற்றியில் விரலை வைத்து, புருவ நடுவிலிருந்து மேலே ஒரு இழுப்பு. அந்த விரல் நாராயணபெருமாளுடையது. வாழைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்தார், காற்றில் போயிற்று. பஹ்ரைனுக்குப் போனார், ரெண்டு வருஷத்தில் திரும்பி வந்தார். தொட்டதொன்றும் துலங்காத மனுஷன் அவர். இந்த ஒன்றில்தான் வக்கீலும் வாத்தியாரும் அவர் முன்னால் வந்து நெற்றியைக் காட்டினார்கள். அது போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் என்ன பேர் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பயந்துபோனார்.

நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தார். சின்ன வயசுப் பெண். கையைப் பார்த்தாள், திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொடையையும் பார்த்தாள். அங்கே தோல் கிழிந்து தைத்ததுபோல வரிவரியாக இருந்தது. டியூபை வாங்கிப் பின்பக்கத்து எழுத்தைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, பெரியவரே. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிடும், பூஞ்சை உள்ளுக்குள்ள உயிரோடதான் இருக்கும். எட்டு மாசமா நீங்க அதுக்குச் சோறு போட்டு வளத்திருக்கீங்க. தோலும் மெலிஞ்சுபோச்சு. இந்தக் கோடு இனி மறையாது."

"இப்பம் என்ன செய்யணும், டாக்டரம்மா?"

"இதை இன்னையோட விட்டுடுங்க. நான் தர்றது பூஞ்சைக்கு மட்டும் உள்ள க்ரீம். இடத்தைக் கழுவி, ஈரம் துளிகூட இல்லாமத் துடைச்சு, காய்ஞ்சப்புறம் மெல்லிசா தடவணும். படை தெரியற இடத்தோட நிறுத்தாதீங்க, சுத்தி ரெண்டு விரக்கடை சேத்துப் போடுங்க. போட்டு முடிச்சதும் கையைக் கழுவணும், கையிலேயே இருக்கற படைக்கு மட்டும் கழுவிட்டு அப்புறம் போடுங்க. மறைஞ்சுட்டுன்னு விட்டுடக் கூடாது, மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம். மாத்திரையும் உண்டு. உங்க துண்டு உங்களுக்கு மட்டும். துணியைச் சுடுதண்ணில அலசி வெயில்ல போடுங்க. வீட்ல யாருக்காவது இருந்தா இங்க வரச் சொல்லுங்க, உங்க மருந்தைக் கொடுக்காதீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு. பழைய டியூபை நிறுத்தினதும் முதல்ல கூடும். பாக்கவே பயமா இருக்கும். கூடித்தான் குறையும். உங்களுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கையால யாரையும் தொடாதீங்க. பிள்ளைகளைத் தொடவே கூடாது."

"இன்னும் இருவது நாளுல திருநாளு, டாக்டரம்மா. நான் தொட்டு நாமம் சாத்தணும்."

"இந்த வருஷம் வேற யாராவது செய்யட்டும்" என்றாள் அவள், அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே. அவளைக் குறை சொல்ல முடியாது. வெளியே அறுபது பேர் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி சொர்ணம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுக் கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக ரெண்டு பேருக்கும் அந்த ஒரு துவர்த்துதான்.

"எனக்கும் இருக்குலா" என்றாள். "இடுப்பைச் சுத்தி. கண்ணாடிக்குப் பொறத்த இருந்த உங்க டியூபைத்தான் நானும் எடுத்துப் போடுகேன். சொல்ல வெக்கமா இருந்து."

"அட பாவி மட்டே, என்கிட்டச் சொல்லப்படாதா?"

"நீங்க எங்கிட்டச் சொன்னியளா?"

அவர் துவர்த்தைக் கொடியிலிருந்து எடுத்து வெந்நீரில் போட்டார்.

சொர்ணம்மாளும் போய்க் காட்டி மருந்து வாங்கி வந்தாள். பத்து நாள் ரெண்டு பேரும் டாக்டரம்மா சொன்னபடி நடந்தார்கள். சொன்னபடியே நோயும் கூடியது. அப்பப்பா, என்ன கூடுதல்! கை சிவந்து, செதில் உரிந்து, நீர் கசிந்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், இந்த அரிப்பும் அப்படித்தான். தாங்கலில் நாமக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களையே எடுத்து இட்டுக்கொள்ளச் சொன்னார். ரெண்டு நாள் சனங்கள் அப்படியே இட்டுக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் தாங்கல் கமிட்டித் தலைவர் சுயம்பு வந்தார். நாராயணபெருமாளுக்கு மைத்துனன் முறை.

"மச்சான், கையில என்ன?"

"சோப்புப்பொடி ஒத்துக்கிடல. வேற ஒண்ணும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"திருநாளுக்கு வேற ஆளை நிப்பாட்டட்டா? ஒரு வருஷந்தானே. நாமத்தை இலையில வச்சுக் குடுக்க முடியுமா நம்ம இடத்துல? தொடாமச் சாத்துனா சனம் என்ன நினைக்கும்?"

"எதுக்கு வேற ஆளு? திருநாளுக்கு மின்ன செரியாயிரும்" என்றார் நாராயணபெருமாள். அவருடைய குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. சுயம்பு போன கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஞானசிங்கின் மெடிக்கலுக்குப் போனார்.

நாலே நாள். கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துவிட்டது. சொர்ணம்மாள் அதைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுப் புது டியூபையும் எடுத்துப் பார்த்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ? இது உள்ளுக்குள்ள கிடக்கும்னு சொன்னாவளா இல்லியா? ஊருப் பிள்ளைய நெத்தியில கொண்டுபோய்த் தேய்க்கப் போறியளா?"

"திருநாளு பதினோரு நாளு. பொறவு அவ சொன்னதை ஒண்ணுவிடாமக் கேக்கேன். அய்யா பாத்துக்கிடுவாரு."

"அய்யா உங்களுக்குப் புத்தி தந்திருக்காரு. அதையும் அவரே வந்து உபயோகிக்கணுமா?" என்றாள் சொர்ணம்மாள். இன்னும் எவ்வளவு பேசியிருந்தாலும் அவர் நின்றிருக்க மாட்டார். பிடிவாதத்துக்கு மருந்தில்லை.

அந்தத் திருநாளில் இருந்ததுபோல நாராயணபெருமாள் எந்தத் திருநாளிலும் சந்தோஷமாக இருந்ததில்லை. பொய் சொல்லக் கூடாது, அவர் மனம் நிறைந்துதான் இருந்தது. பதினோரு நாளும் சனம் வரிசை வரிசையாக வந்தது. தலைப்பாகை கட்டிய ஆண்கள், ஈரத்தலையோடு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். ஒவ்வொரு நெற்றியிலும் விரலை வைத்து அழுத்தி இழுத்தார். மகள் அஸ்வதி, புருஷன் மஸ்கட்டில் இருப்பதால் வீட்டோடு இருந்தவள், தன் ரெண்டு வயசுக் குழந்தை ஹரிதாவைத் தூக்கிக்கொண்டு தினமும் முதல் ஆளாக வந்தாள். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியை நீட்டும். தாத்தா தொட்டதும் சிரிக்கும்.

கொடி இறங்கி மூன்று வாரம் ஆகவில்லை, ஹரிதாவின் நெற்றி நடுவில் ஒரு வளையம். பத்துப் பைசா அளவு, ஓரம் மட்டும் சிவப்பாக எழும்பி. அவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டார். அஸ்வதி, "சூட்டுக்கொப்புளம்பா" என்றாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பதினாலு பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் நெற்றியில், நாமம் சாத்துகிற அதே இடத்தில். சுயம்புவின் நெற்றியிலும் ஒன்று வந்தது.

கமிட்டி கூடி, மண் கெட்டுப்போயிருக்கிறது என்று தீர்மானம் செய்தது. இருந்த நாமமண்ணையெல்லாம் சாக்கில் கட்டி எடுத்துப்போய் வாய்க்காலில் கொட்டினார்கள். நாராயணபெருமாள் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மண் என்ன பாவம் செய்தது என்று தனியாக இருக்கும்போது அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பணிவிடை முடிந்து, சனம் பந்தியில் உட்காருமுன், அவர் நடுவில் வந்து நின்றார்.

"மக்கமாரே, மண்ணுல ஒண்ணும் இல்ல. என் கையிதான். எனக்குப் படை இருந்து. டாக்டர் தொடாதேன்னு சொன்னாவ, நான் கேக்கல. மெடிக்கல்ல ஒரு டியூபை வாங்கித் தேச்சு, நோவை மறைச்சு வச்சு உங்க எல்லாரையும் தொட்டேன். பிள்ளைய நெத்தியில இருக்கது நான் தந்தது. என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த டியூபை மட்டும் வாங்காதீங்க. இது உள்ள இருக்கதைக் கொல்லாது, மறைக்கத்தான் செய்யும். பிள்ளைய மொகத்துல தப்பித் தவறியும் போட்டிராதீங்க."

மடியிலிருந்த டியூபை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

அடிப்பார்கள் என்று நினைத்தார். துப்பினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். ஆனால் முன்வரிசையில் இருந்த அழகியநாயகி, அறுபது வயசுக்காரி, மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்யோ, கேட்டியளா! ஊரு நோவையெல்லாம் தன் கையில வாங்கி வச்சிருக்காரு. மண்ணு மேல வந்த பழியைக்கூடத் தன் மேல எடுத்துப் போடுகாரு. யாரு செய்வா?"

"இல்ல, மதினி. நான் சொல்லுகதைக் கேளுங்க…"

"அண்ணாச்சி அப்படித்தான் சொல்லுவாவ" என்றது பின்னால் ஒரு குரல். சுயம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முழுக்க "அய்யா உண்டு, அய்யா உண்டு" என்றது. நாராயணபெருமாள் கத்திப் பார்த்தார். கத்தக் கத்த அவர்கள் இன்னும் அதிகமாகக் கையெடுத்தார்கள். பந்தி முடிந்து கைகழுவுகிற இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள்: "அவர் கை எப்படி வெளுத்திருந்து, பாத்தியா? அந்தப் பச்சை மூடி போட்ட டியூபுதான?"

அன்று சாயங்காலம் ஞானசிங்கின் மெடிக்கலில் அந்த டியூப் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுநாள் நாராயணபெருமாள் போய்ச் சண்டை போட்டார்.

"நான் என்ன செய்யட்டும், அண்ணாச்சி?" என்றான் ஞானசிங். அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. "வேற க்ரீமைக் குடுத்தா வாங்க மாட்டாவ. சீட்டு கொண்டா, டாக்டரைப் பாருன்னு சொல்லிப் பாத்தேன். பணிவிடைக்காரர் போட்ட மருந்தைக் குடு, உனக்கு என்னல தெரியும்னு ஏசுகாவ. நான் இல்லைன்னா கொட்டாரத்துல வாங்குவாவ."

அவர் பணிவிடையை விட்டார். வேட்டியைக் காயவைத்துக் கட்டினார், மாத்திரை தின்றார், க்ரீமை வேளை தவறாமல் போட்டார். எட்டு மாதம் சோறு போட்டு வளர்த்தது லேசில் போகுமா? மூன்றாம் தடவை போனபோது டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதினாள். "இதுக்குக் கேக்கணும். பாப்போம்" என்றாள். முன்பு அவள் அப்படிப் பேசினதில்லை.

ஆனால் ஹரிதாவின் நெற்றி வளையம் போய்விட்டது. அஸ்வதி அதைக் காட்ட ஓடி வந்தாள். குழந்தையின் முகம் மினுங்கியது. நெற்றியில் தோல் அப்பளம்போல மெலிந்து, நீலநரம்பு தெரிந்தது. ஓரத்தில் பூனைமுடி கறுத்து முளைத்திருந்தது. கன்னத்தில், தலைமுடிக்குள், வளையம் என்று சொல்ல முடியாதபடி கலங்கலாகச் சிவப்பு பரவியிருந்தது.

"ஏட்டி, எதைப் போட்டே?"

அஸ்வதி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அதைத்தானா? நான் ஊருக்கு முன்னால நின்னு கத்துனேனே, உனக்குமா கேக்கல?"

"நீங்க போட்டப்போ நல்ல மருந்து, நான் போட்டா கெட்டதாப்பா? உங்களுக்குத் திருநாளு வேணும்னு போட்டிய. பிள்ளைய ஒரு கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியல எனக்கு. எல்லாரும் அந்த நெத்தியையே பாக்காவ. நிறுத்துனா மூணாம் நாளு மொகமெல்லாம் பொங்கிக்கிட்டு வருது, அவ சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. நீங்க பாப்பியளா அதை?"

அவர் டியூபைப் பிடுங்கி எறிந்தார். அவள் இன்னொன்று வைத்திருந்தாள் என்பது அவருக்கும் தெரியும். சொர்ணம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும், டியூபிலிருந்த மருந்து உடம்புக்குள் இறங்கியிருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு முகம் ஊதிக்கொண்டே வந்தது. ஊரில் பார்த்தவர்கள், குழந்தை நல்ல கொழுகொழுவென்று ஆகிவிட்டது, தாத்தா கை ராசி என்றார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க அஸ்வதி போயிருந்த செவ்வாய்க்கிழமை, அவர் வாசலில் காத்து நின்றார். அழிக்கம்பிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பேர் சுபிதா, மண்டைக்காட்டுப் பக்கம் என்றாள். ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தோளில் ஆறுமாதக் குழந்தை. அதன் கன்னத்தில் ஒரு வளையம், சின்னதாக, தெளிவாக, இன்னும் யாரும் எதையும் தடவாத வளையம்.

"பெரியப்பா, உங்களைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வாறேன். ஒரு நாமம் சாத்தி விடுங்க."

"மக்களே, நான் இப்பம் பணிவிடை இல்ல. நேரா நாகர்கோவிலுக்குக் கொண்டு போ, தோல் டாக்டரைப் பாரு. இது சின்னதுதான், இப்பம் போனா போயிரும். எழுதித் தாறேன், நில்லு."

"போறேன், பெரியப்பா. நீங்க ஒருக்கத் தொட்டுருங்க, போறேன்."

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அன்றைக்கு அது உரிந்து, வெடிப்பில் நீர் கோத்திருந்தது. "தொடக் கூடாது, தாயி. இந்தக் கையில நோவு இருக்கு. இங்க பாரு" என்று, அவள் நம்பட்டும் என்று கையை முன்னால் நீட்டிக் காட்டினார்.

காட்டியிருக்கக் கூடாது. சுபிதா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "எத்தனை பேரு நோவு!" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள். கடலோரத்தில் மீன் கூடை சுமக்கிறவளின் பிடி. அவர் இழுத்தார். "விடு தாயி, விடு, பிள்ளைக்குப் பிடிச்சிரும்" என்று அலறினார். உள்ளேயிருந்து சொர்ணம்மாள் ஓடி வருவதற்குள், சுபிதா அவர் கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்திவிட்டாள். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அய்யா உண்டு" என்றாள் சுபிதா. கதவுக்கு வெளியே இன்னும் ரெண்டு பேர் பிள்ளைகளோடு நின்றார்கள்.